பிரிவுக் காலத்தில் தோழமையும் பாட்டும்



வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். கடமையின் பொருட்டுக் கடல் கடந்து அனுப்பப்பட்டிருக்கிறார். திரும்பி வர ஆறு மாதம் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். போன இடமோ அமைதியற்ற இடம். இத்தகைய காலத்தில் வீட்டிலிருக்கும் மனைவி நாள்களை எப்படிக் கழிப்பது? அவரைச் சுற்றியிருக்கும் நாம் என்ன செய்வது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டத்தில் வாழும் நமக்கும் பட்டாளத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. லயத்து வீட்டில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இராணுவத்தில் சேர்ந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பெண் கொடுத்தவர்களும் உண்டு. கணவர் வெளிநாட்டுக்குப் போகும்போது, முகாம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ வந்து தங்கும் பெண்களையும் நாம் பார்க்கிறோம். அவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அவர்கள் துன்பம் நம் துன்பம்.

நம் நாட்டு வீரர்கள் வெளிநாட்டுக்குப் போவது புதிதன்று. மலாயா விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த 1960ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் மன்றத்தின் அமைதிப் பணிக்காக நம் வீரர்கள் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக்குப் போனார்கள். பின்னர் 1989இல் நமீபியா, 1992இல் கம்போடியா, 1993இல் சோமாலியா, அதே ஆண்டில் போஸ்னியா என்று அந்தப் பயணம் தொடர்ந்தது. 2007ஆம் ஆண்டு முதல் லெபனான் நாட்டிலும் மலேசிய வீரர்கள் பணியாற்றினார்கள். அந்த அமைதிப் படையின் பணியை 2026 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துக்கொள்ள வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டு மாதத்தில் தீர்மானித்தது. ஒரு நாட்டில் பணி முடிந்தாலும் இன்னொரு நாட்டில் அழைப்பு வரும். பட்டாளத்தார் வாழ்க்கை அப்படிப்பட்டது.

அமைதிப் பணி என்ற பெயரைக் கேட்டு ஆபத்தில்லை என்று எண்ணிவிடக்கூடாது. 1993 அக்டோபரில், சோமாலியாவின் மொகடிஷு நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கக் கவச வண்டிகளோடு சென்றார்கள் நம் வீரர்கள். அந்த இரவில் ஒரு மலேசிய வீரர் உயிர் துறந்தார். 2024 நவம்பர் 7ஆம் தேதி, லெபனானின் சைடா நகரருகே நடந்த வான் தாக்குதலில், அவ்வழியே சென்றுகொண்டிருந்த மலேசிய வீரர்கள் சிலர் இலேசான காயமடைந்தார்கள். ஆகவே, வீட்டிலிருக்கும் பெண்ணின் நெஞ்சில் உள்ள அச்சம் வீண் அச்சமன்று. "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே" என்று ஒரு வார்த்தையில் அதைத் தள்ளிவிட முடியாது.

அந்தப் பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். லெபனானுக்கும் நமக்கும் 5 அல்லது 6 மணி நேர வித்தியாசம். இங்கே விடியற்காலை 5 மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும்போது அங்கே நள்ளிரவு நெருங்கிவிடும். அவர் ஓய்ந்து கைத்தொலைபேசியை எடுக்கும் நேரத்தில் இங்கே பிள்ளைகள் உறங்கிப் போயிருப்பார்கள். பகலில் வேலை இருக்கிறது. வெட்டுக்காட்டிலும் செம்பனைக் காட்டிலும் தொழிற்சாலையிலும் கைகள் ஓய்வதில்லை. பொழுது சாய்ந்தபின் வருவதுதான் கடினமான நேரம். மற்ற வீடுகளில் ஆண்கள் வந்து சேர்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும் ஒரு நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

இந்த நிலையை ஆராய்ந்தவர்கள் உண்டு. கேத்லீன் வெஸ்டல் லோகன் என்ற அமெரிக்கப் பெண்மணி, கடற்படை வீரர்களின் மனைவியரைக் கவனித்து 1987ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். கணவர் புறப்படுவதற்கு முன்பிருந்து திரும்பி வந்து சில வாரம் ஆகும்வரை, மனைவியின் மனம் ஏழு படிகளைக் கடக்கிறது என்று அவர் சொன்னார்.

முதல் படி, பிரிவு வரப்போகிறதே என்ற தவிப்பு. இரண்டாவது, புறப்படும் நாள் நெருங்க நெருங்க ஒருவரிடமிருந்து ஒருவர் ஒதுங்குவது. "போகத்தான் போகிறார், சீக்கிரம் போய்த் தொலையட்டும்" என்றுகூட அப்போது தோன்றுமாம். அன்பில்லாததால் வருவதன்று அது. வலியைத் தாங்கமாட்டாத மனம் தானே கதவை அடைத்துக்கொள்கிறது. மூன்றாவது, அவர் போன பிறகு வரும் குழப்பம். உறக்கம் வராது, எந்த வேலையிலும் மனம் நிற்காது, சின்ன விஷயத்துக்கும் கண்ணீர் வரும். நான்காவது, மெல்ல மெல்லத் தேறி, வீட்டைத் தானே நடத்தப் பழகுவது. ஐந்தாவது, அவர் வரும் நாளை எண்ணிப் பரபரப்பது. ஆறாவது, வந்தவரோடு குடும்பப் பொறுப்புகளை மறுபடியும் பங்கிட்டுக்கொள்வது. ஏழாவது, பழையபடி ஒன்றாக வாழப் பழகுவது.

இந்த ஏழில் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது மூன்றாவது படி. கணவர் போன முதல் சில வாரங்களே காயம் ஆழமாக இருக்கும் காலம். தோழமை அப்போதுதான் மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆனால் அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவதும் அப்போதுதான்.

ஏன் உட்கார்ந்துவிடுகிறாள்? மனச்சோர்வு ஒரு காரணம். ஊர் வாய் இன்னொரு காரணம். "புருஷன் குண்டு விழும் ஊரில் இருக்கிறான், இவளுக்குப் பூ என்ன, பொட்டு என்ன, பாட்டு என்ன?" என்று கேட்கும் வாய்கள் எந்த ஊரிலும் இருக்கின்றன. கணவரைப் பிரிந்தவள் சிரிக்கக்கூடாது, பாடக்கூடாது, நாலு பேரோடு கூடி இருக்கக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. இது தமிழர் மரபு என்றும் சிலர் சொல்வார்கள். அது உண்மைதானா என்று பார்ப்போம்.

கோவலனைப் பிரிந்த கண்ணகி தன்னை ஒப்பனை செய்துகொள்ளாமல் இருந்தாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் போர்க்களம் போன கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியைப் பற்றியே நம் முன்னோர் தனியாக ஒரு பாட்டுச் செய்து வைத்திருக்கிறார்கள். அது பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடியது, 103 அடிகள் கொண்டது.

அதில் வரும் செய்தி இதுதான். அரசன் பாசறையில் இருக்கிறான். மழைக்காலம் வந்துவிட்டது. அரசி மாலை நேரத்தில் தனித்து வருந்துகிறாள். அவளைப் பார்த்து, "அழுதுகொண்டே மூலையில் கிட" என்று யாரும் சொல்லவில்லை. வயது முதிர்ந்த பெண்கள் ஒன்று கூடுகிறார்கள். நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய், நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர் பெண், பசியால் வாடி நிற்கும் இளங்கன்றைப் பார்த்து, உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொல்லையே நல்ல குறியாக எடுத்துக்கொண்டு, முதிய பெண்கள் அரசியிடம் திரும்பி வந்து சொல்கிறார்கள்.

சொன்னதும் அரசி தேறிவிட்டாளா? இல்லை. அவள் கண்ணில் நீர் நிற்கவில்லை என்றே புலவர் பாடுகிறார். தோழமை துன்பத்தை ஒரே நாளில் துடைத்துவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்தப் பெண்கள் அவளை விட்டுப் போகவில்லை. நமது மரபில் இதுவும் உண்டு. பிரிவில் வாடும் பெண்ணைச் சுற்றி நாலு பெண்கள் கூடுவதும், அவளுக்காக வெளியே போய் ஒரு நல்ல வார்த்தையைக் கொண்டு வருவதும் தமிழருக்கு அந்நியமல்ல. முல்லைத் திணைக்குரிய ஒழுக்கம் காத்திருத்தல். அதற்குரிய பொழுது மாலை. மாலைதான் மிகக் கடினமான நேரம் என்பதை அந்நாளிலேயே கண்டு வைத்திருக்கிறார்கள்.

இலக்கியத்தை விட்டு நம் தோட்டத்துக்கே வருவோம். காத்திருத்தல் என்றால் என்னவென்று நம் பாட்டிமாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அதற்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் ஆயுதம் ஏந்திய வீரர்கள் அல்லர். கூலி வேலைக்கென்று பிடித்துச் செல்லப்பட்டவர்கள். கடிதம் இல்லை, செய்தி இல்லை, திரும்பும் நாள் இல்லை. பலர் திரும்பவே இல்லை. லயத்தில் விடப்பட்ட பெண்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அந்த நாளில் அவர்களுக்கு யார் துணை? பக்கத்து வீட்டுப் பெண்தான் துணை. அவளுடைய கணவனும் சயாமுக்குப் போயிருந்தான்.

அதே நிலையில் உள்ள இன்னொருத்தியே ஆறுதல் சொல்லத் தகுதியானவள். இந்த உண்மையை இன்னொரு நாட்டுப் பெண்கள் பாட்டின் வழியாக உலகறியச் செய்தார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

பிரிட்டனில் இராணுவ முகாம்களை ஒட்டி வீரர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆப்கானிஸ்தான் போருக்குக் கணவன்மார் அனுப்பப்பட்ட காலம் அது. 2010ஆம் ஆண்டில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள கேட்டரிக் என்ற முகாமில், வீரர்களின் மனைவியர் சிலர் கூடி ஒரு பாட்டுக் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில், டெவன் பகுதியிலுள்ள சிவ்னர் முகாமுக்குக் கேரத் மலோன் என்ற இசை ஆசிரியர் வந்தார். அவர் கூட்டிச் சேர்த்தது பாடகிகளை அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தொலைக்காட்சிச் செய்தியை அச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்த சாதாரணப் பெண்களை. மேடை ஏறிப் பழக்கமில்லாதவர்கள் அவர்களில் பலர்.

அந்தக் குழுவுக்கென்று பால் மீலர் என்ற இசையமைப்பாளர் ஒரு பாட்டை இயற்றினார். அதன் சொற்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அந்தப் பெண்களும் அவர்களுடைய கணவன்மாரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து வந்தன. 2011 நவம்பரில் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், போரில் இறந்தோரை நினைவுகூரும் விழாவில், எலிசபெத் அரசியார் முன்னிலையில் அதைப் பாடினார்கள். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தப் பாட்டின் இசைத்தட்டு 5 இலட்சத்துக்கு மேல் விற்றது. நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. வருமானம் வீரர் நல அமைப்புகளுக்குப் போயிற்று. அதன் பிறகு முகாம் முகாமாக இத்தகைய குழுக்கள் தோன்றின. 2019இல் இக்கதையைத் தழுவித் திரைப்படமும் வந்தது.

அரசியார் முன்னிலையில் பாடியதும் முதலிடம் பிடித்ததும் நமக்கு முக்கியமல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மணிக்கு, வீட்டை விட்டுப் புறப்பட வேண்டிய காரணம் ஒன்று அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது. போனால் அங்கே தன்னைப் போன்ற பெண்கள் இருந்தார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது அதைத்தான்.

பாட்டுக்குப் பதிலாகத் தையல் வகுப்பு வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதியோர் கல்வி வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாத காலம் கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். சிலர் பாட்டு வகுப்பு. சிலர் கைவேலை வகுப்பு. சிலர் எழுத்து வகுப்பு. ஏழு மாதம் முடிந்தபோது எல்லா வகுப்பினரும் தத்தம் கூட்டாளிகளோடு நெருங்கித்தான் இருந்தார்கள். ஆனால் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டவர்கள் பாடியவர்கள். ஒருவரை ஒருவர் அறிந்து, பேசிப் பழகுவதற்கு முன்பே, சேர்ந்து பாடுவது மனிதர்களைச் சேர்த்துவிடுகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிரிவின் வலி மிகுந்திருப்பது முதல் சில வாரங்களில். பாட்டு மனிதர்களை விரைவாகப் பிணைப்பதும் முதல் சில வாரங்களில். தையல் நல்லது, சமையல் நல்லது, தோட்ட வேலை நல்லது. ஆனால் கணவர் புறப்பட்ட மறு வாரம் தவித்து நிற்கும் பெண்ணுக்கு ஏழாவது மாதத்தில் தோழி கிடைத்தால் போதாது. இன்றே கிடைக்க வேண்டும். ஆதலால்தான் பாட்டை முதலில் வைக்கிறோம்.

சரி, நம் தோட்டத்தில் இதை எப்படிச் செய்வது?

முதலாவது, ஆள் சேர்ப்பது. முகாம் குடியிருப்பில் இருக்கும் பெண்ணுக்கு இது எளிது. அங்கே 'பாக்காட்' என்ற இராணுவக் குடும்ப நல அமைப்பு இருக்கிறது. தன் நிலையில் உள்ள பலர் அருகிலேயே இருக்கிறார்கள். தோட்டத்துக்குத் திரும்பி வந்த பெண்ணோ பட்டாளத்தார் மனைவி என்ற வகையில் தனி ஒருத்தி. ஆனால் கணவரைப் பிரிந்தவள் என்ற வகையில் அவள் தனி ஒருத்தி அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவரை மாதம் ஒருமுறை காண்பவர் இருக்கிறார். எண்ணெய்த் துறைமேடையிலும் கப்பலிலும் வேலை செய்பவரின் மனைவி இருக்கிறார். நெடுந்தூர லாரி ஓட்டுபவரின் மனைவி இருக்கிறார். கணவரை இழந்த அக்காமார் இருக்கிறார்கள். மாலைப் பொழுதில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு பேர் தேறுவார்கள். அது போதும்.

இரண்டாவது, நாள் குறிப்பது. "முடிந்தபோது கூடுவோம்" என்றால் கூடவே மாட்டோம். சீட்டுக் கட்டுகிறவர்கள் தவணை நாளை மறக்கிறார்களா? அதுபோல வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அது மாலை நேரமாக இருக்கட்டும். கோயில் மண்டபமோ, பள்ளி வகுப்பறையோ, யார் வீட்டு முன்கூடமோ இடமாகலாம். பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்லுங்கள். "பிள்ளையை யாரிடம் விடுவது?" என்ற கேள்விதான் பல பெண்களை வீட்டோடு நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது, எதைப் பாடுவது? தெரிந்ததைப் பாடுங்கள். தேவாரம் தெரிந்தால் தேவாரம். பஜனைப் பாட்டானால் பஜனை. கும்மி, தாலாட்டு, பழைய சினிமாப் பாட்டு எதுவும் ஆகலாம். வேறு சமயத்துச் சகோதரி இருந்தால் எல்லாருக்கும் பொதுவான பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வாயில் மட்டும் இருக்கும் தோட்டத்துப் பாட்டுகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டால் இரட்டிப்புப் பயன். பாட்டிக்கும் தன் பாட்டைக் கேட்க ஆள் கிடைக்கும். ஆர்மோனியம் வேண்டியதில்லை; கைத்தாளம் போதும். குரல் நன்றாக இல்லையே என்று யாரும் வெட்கப்படவேண்டாம். பத்துக் குரல் சேரும்போது ஒரு குரலின் குறை தெரியாது.

நான்காவது, கண்ணீருக்கும் இடம் கொடுங்கள். பாடும்போது ஒருத்தி தொண்டை அடைத்து நின்றுவிடக்கூடும். அப்போது மற்றவர்கள் பாட்டை நிறுத்தவேண்டாம். தொடர்ந்து பாடுங்கள்; அவளே மீண்டும் சேர்ந்துகொள்வாள். பாட்டு முடிந்தபின் தேநீர் வைத்துப் பேசுங்கள். வலியை மறைத்துச் சிரிக்க வைப்பது நம் நோக்கமல்ல. வலியோடு தனியே இருக்க விடாமல் பார்ப்பதே நோக்கம்.

ஐந்தாவது, பாட்டு அவரிடமும் போகட்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 நவம்பரில், வேரா லின் என்ற பாடகி பிபிசி வானொலியில் வீரர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். வீட்டிலிருந்து எழுதும் கடிதம் போல அமைந்த நிகழ்ச்சி அது. இத்தகைய உருக்கமான பாட்டு வீரர்களின் மன உறுதியைக் குலைத்துவிடும் என்று அன்றும் சிலர் குறை சொன்னார்கள். வீரர்களோ அதை விரும்பிக் கேட்டார்கள். 1944இல் அவர் பர்மாக் களத்துக்கே போய்ப் பாடினார். இன்று நமக்கு வேரா லின் வேண்டியதில்லை. குழுவின் பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். தன் குழந்தை தாளம் போடும் ஓசையை அந்தப் பாட்டில் கேட்கும் தந்தைக்கு, வீடு நல்லபடியாக இருக்கிறது என்று வேறு யாரும் சொல்லவேண்டுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. கணவர் எந்த இடத்தில் இருக்கிறார், எப்போது எங்கே போகிறார் என்பதைச் சமூக ஊடகங்களில் போடாதீர்கள். அது அவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதுபோல, அங்கே குண்டு வெடித்தது, இங்கே தாக்குதல் நடந்தது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அந்தப் பெண்ணுக்கு முந்திக்கொண்டு அனுப்பாதீர்கள். உறுதியான செய்தி இராணுவத்திடமிருந்து வரும். அதுவரை, அவள் வீட்டுக்குப் போய் அருகில் உட்காருங்கள். அது ஆயிரம் செய்திக்குச் சமம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஓயாமல் வேலையில் மூழ்குவதையும் தோழமையையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. காலை முதல் இரவு வரை எதையாவது செய்துகொண்டே இருந்து, படுக்கையில் விழுந்து உறங்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். உடல் களைக்கும்; மனம் தேறாது. வாரத்தில் ஒரு மாலை நாலு பேரோடு மனம் ஒன்றிப் பாடுவது, ஏழு நாளும் தனியே ஓடுவதைவிட மேல். அதோடு, பாட்டு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமும் உணவும் பிடிக்காமல், வாழவே விருப்பமில்லை என்ற பேச்சு வந்தால், தாமதிக்காமல் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதில் வெட்கம் உண்டா? இதிலும் வேண்டாம்.

கடைசியாக, அவர் திரும்பி வரும் காலம். வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஏழு படிகளில் கடைசி இரண்டும் அவர் வந்த பிறகுதான் வருகின்றன என்பதை மறந்துவிடலாகாது. போகும்போது இருந்த மனைவி இப்போது இல்லை. கணக்கு வழக்குப் பார்க்கவும், பிள்ளையைத் தனியாக மருத்துவமனைக்குக் கொண்டு போகவும், கூட்டத்தில் நின்று பாடவும் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். போன கணவரும் அப்படியே இல்லை. சொல்லமுடியாத சிலவற்றைக் கண்டு வந்திருப்பார். ஓசை கேட்டால் திடுக்கிடலாம். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் புதிதாக அறிந்துகொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும்.

அப்போது சில வீடுகளில், "நான்தான் வந்துவிட்டேனே, இனி உனக்குப் பாட்டுக் குழு எதற்கு?" என்ற கேள்வி எழும். கணவன்மாரிடம் நாம் பணிவோடு சொல்வது இது: நீங்கள் இல்லாத நாளில் உங்கள் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்த கைகள் அவை. நீங்கள் முகாமில் தோழர்களோடு இருந்தீர்கள். உங்கள் மனைவிக்குத் தோழியர் அவர்களே. வாரத்தில் அந்த ஒரு மாலையை அவர் விட்டுவிட வேண்டியதில்லை. நீங்களும் ஒருநாள் போய் உட்கார்ந்து கேளுங்கள். மனைவிமாரிடம் சொல்வதும் ஒன்று உண்டு. இவ்வளவு நாள் நீங்களே நடத்திய வீட்டில் அவருக்கும் ஒரு பொறுப்பைத் திருப்பிக் கொடுங்கள். வந்தவரை விருந்தாளியாக வைத்துவிடாதீர்கள்.

தாய்மார்களே, மாமியார்மார்களே! பட்டாளத்துக்குப் போனவர் உங்கள் மகன் என்றால், வீட்டில் இருக்கும் மருமகளை உங்களைத் தவிர யார் நன்றாக அறிவார்? உங்கள் நெஞ்சிலும் அதே அச்சம்தானே இருக்கிறது? "மாலையில் எங்கே புறப்பட்டுவிட்டாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "வா அம்மா, நானும் வருகிறேன்" என்று புறப்படுங்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து போகும்போது ஊர் வாய் தானாக மூடிக்கொள்ளும். முல்லைப்பாட்டில் நற்சொல் கேட்கப் போனவர்கள் இளம்பெண்கள் அல்லர், முதிய பெண்கள்தாம். அந்தப் பொறுப்பு இன்று உங்களுடையது.

உங்கள் தோட்டத்தில், உங்கள் லயத்தில், யாருடைய கணவராவது அண்மையில் புறப்பட்டுப் போயிருக்கிறாரா? நாளை மாலை அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பெரிய ஆறுதல் மொழி எதுவும் தேடவேண்டாம். "வாம்மா, வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் பாடப் போகிறோம், உன் குரலும் வேண்டும்" என்று சொல்லுங்கள்.